மருந்துக் கம்பெனி கைமாறினால் நமக்கு என்ன? – இருங்காட்டுக்கோட்டையை முன்வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை:

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். ஏன் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சென்னைக் கம்பெனியான ஆர்க்கிட் கெமிக்கல்ஸ் அங்கே ஊசி மருந்து தயாரித்துக்கொண்டிருந்தது. 2009 டிசம்பரில் அந்த ஊசி மருந்துத் தொழிலை அமெரிக்காவின் ஹாஸ்பிராவுக்கு 40 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். பின்னால், 2014இல், அவுரங்காபாத்தில் ஆர்க்கிட்டுக்கு இருந்த, பென்சிலின், பெனெம் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மூலமருந்து (பல்க் டிரக்) செய்யும் ஆலையும் ஹாஸ்பிரா கைக்கே போனது. 2015இல் ஹாஸ்பிராவையே இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஃபைசர் வாங்கியது. விலை சுமார் 1,700 கோடி டாலர். 2019 ஜனவரியில் இரண்டு ஆலைகளையும் மூடுவதாக ஃபைசர் அறிவித்தது. அங்கே செய்யும் மருந்துகளுக்குத் தேவை நீண்ட காலத்துக்குக் குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,700 பேர் வேலை பார்த்தார்கள். முதல் விற்பனையிலிருந்து மூடுவிழா வரை பத்து வருடம்கூட ஆகவில்லை.

இதே ஃபைசர் 2015 நவம்பரில் அயர்லாந்தில் பதிவான அலர்கனோடு சேரப்போவதாக அறிவித்தது. 16,000 கோடி டாலர் பேரம். தலைமையகத்தைச் சட்டப்படி அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்டால், அமெரிக்காவின் அன்றைய 35 சதவீத வரிக்குப் பதில் அங்கே 12.5 சதவீதம். ஒபாமா அரசின் நிதித்துறை 2016 ஏப்ரலில் இதைத் தடுக்கப் புது விதிகளைக் கொண்டுவந்தது. இரண்டே நாளில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது. அலர்கனுக்கு 15 கோடி டாலர் செலவுத்தொகை கொடுத்துவிட்டு ஃபைசர் விலகிக்கொண்டது.

தன் வரிப்பணம் வெளியே போகிறது என்றதும் அமெரிக்கா வேலி போட்டது. இருங்காட்டுக்கோட்டை கைமாறிய காலத்தில் நம்மிடம் என்ன வேலி இருந்தது? மருந்துத் துறையில் நூறு சதவீதம் அந்நிய முதலீட்டுக்கும் முன் அனுமதி தேவையில்லை என்பதுதான் அன்றைய நிலை. அத்தியாவசிய மருந்து செய்யும் எந்த ஆலையையும் அரசு அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது, வாங்குபவர் 15 வருடம் உற்பத்தியைத் தொடர வேண்டும், மூடுவதானால் அரசுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

தணிக்கையாளன்:

வைகைக்கரை, உங்கள் வருத்தம் புரிகிறது. கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள், அதைச் சொல்கிறேன்.

ஆர்க்கிட் ஏன் விற்றது? கடன். வந்த பணத்தில் கடனை அடைத்தார்கள். விற்காமல் தங்களிடமே வைத்துக்கொண்ட தொழில் என்ன ஆனது என்று பாருங்கள்: கடன் சீரமைப்பு, அதுவும் கைகொடுக்காமல் 2017இல் திவால் நடவடிக்கை, கடைசியில் 2020இல் தானுகா லேபரட்டரீஸ் எடுத்துக்கொண்டது. விற்ற பகுதியை வெளிநாட்டுக்காரன் மூடினான் என்றால், விற்காத பகுதி உள்ளூர் முதலாளியின் கையிலேயே திவாலானது. ஆக, முதலாளியின் பாஸ்போர்ட் இங்கே விஷயமே இல்லை. இருங்காட்டுக்கோட்டை ஆலை அமெரிக்கச் சந்தையைப் பெரிதும் நம்பியது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடமிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியது.

வேலியே இல்லை என்பதும் இன்றைக்குச் சரியில்லை. 2011 நவம்பரிலிருந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்துக் கம்பெனியை வாங்க அரசு அனுமதி வேண்டும் என்று ஆக்கினார்கள். 2016 ஜூனில் 74 சதவீதம் வரை தளர்த்தினார்கள். ஆனால் நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளின் உற்பத்தியையும் உள்நாட்டுச் சப்ளையையும் ஐந்து வருடம் குறைக்கக் கூடாது. எந்த அளவு? முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எது அதிகமோ அந்த அளவு. ஆராய்ச்சிச் செலவையும் ஐந்து வருடம் குறைக்கக் கூடாது. விற்றவர் திரும்பவும் அதே தொழில் செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஷரத்து பொதுவாகச் செல்லாது.

15 வருடம் என்று நீங்கள் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. விற்கவே முடியாத தொழிலில் யார் முதல் போடுவார்கள்? ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸை நினைத்துப் பாருங்கள். வரபிரசாத் ரெட்டி தொடங்கிய கம்பெனி. 1997இல் நம் நாட்டிலேயே மரபணு முறையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி செய்து, வெளிநாட்டு ஊசி விற்ற விலையைக் கீழே இறக்கிக் காட்டியது. அப்படி ஒரு கம்பெனிக்குப் பின்னால் பணம் வரவேண்டுமானால், போட்ட பணம் ஒருநாள் வெளியே வரும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும்.

வைகைக்கரை:

சாந்தாவை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கம்பெனியின் 80 சதவீதப் பங்கு ஷான்எச் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரில் இருந்தது. 2009இல் சனோஃபி, ஷான்எச்சைத்தான் வாங்கியது. ஆலை இந்தியாவில், விஞ்ஞானிகள் இந்தியாவில், தடுப்பூசி போட்டுக்கொண்டது நம் பிள்ளைகள். ஆனால் விற்பனை பிரான்ஸில் நடந்தது. வருமான வரித்துறை மூலதன ஆதாய வரி கேட்டது. 2013 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றம் சனோஃபி பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியா–பிரான்ஸ் வரி ஒப்பந்தப்படி வரி போடும் உரிமை பிரான்ஸுக்கு என்றது. மேலே ஒரு பெட்டியை வைத்து, பெட்டியை விற்றுவிட்டால் உள்ளே இருக்கும் ஆலைக்கு வரி இல்லை. இதுவும் உங்களுக்குச் சரியாகத்தான் படுகிறதா?

தணிக்கையாளன்:

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி. நாமே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், பின்தேதியிட்டு வரி கேட்கக் கூடாது. 2012இல் கொண்டுவந்த பின்தேதி வரியை 2021இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டதே.

வரியில் நான் ஒத்துக்கொள்ளும் ஓட்டை வேறு ஒன்று. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கம்பெனியை அதன் சொத்து மதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகையைக் கணக்கில் நற்பெயர் (குட்வில்) என்று எழுதுவோம். 2012இல் ஸ்மிஃப்ஸ் செக்யூரிட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் தேய்மானம் உண்டு, அதாவது வருடாவருடம் ஒரு பகுதியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது. அந்த வகைச் சொத்துக்கு வருடம் 25 சதவீதம். அதாவது வாங்குபவர் அதிக விலை கொடுக்கக் கொடுக்க, அடுத்தடுத்த வருடங்களில் கட்ட வேண்டிய வரி குறையும். கையகப்படுத்தலின் செலவில் ஒரு பங்கைக் கருவூலமே சுமந்த மாதிரி. 2021 நிதிச் சட்டத்தில்தான் அதை அடைத்தார்கள். என்னிடம் கேட்டால் தீர்ப்பு வந்த உடனேயே அடைத்திருக்க வேண்டும்.

பழைய ரெப்:

தணிக்கையாளர் சார், நீங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து சொல்கிறீர்கள். நான் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு 26 வருடம் அலைந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2010 மே மாதம் பிரமல் ஹெல்த்கேரின் உள்நாட்டு மருந்து வியாபாரத்தை அபாட் 372 கோடி டாலருக்கு வாங்கியது. 212 கோடி முன்பணம், மீதி நாலு வருடத்துக்கு வருடம் 40 கோடி. வருட விற்பனையைப் போல் சுமார் ஒன்பது மடங்கு விலை என்று அப்போது எல்லா ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனை) கடையிலும் இதே பேச்சுதான். அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒன்பது மடங்கு கொடுக்கும் எவரும் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதுதான் என் கேள்வி.

நான் இருந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) இதற்குச் சில வருடம் கழித்து வேறு ஒருவர் கைக்குப் போனது. மாதக்கடைசி மீட்டிங்கில் முதல் முறையாகப் பழைய பிராண்டுகளின் பட்டியலைத் திரையில் போட்டார்கள். லாபம் குறைந்தவை எல்லாம் சிவப்பு. பேதிக்கு ஒன்று, பூச்சி மருந்து ஒன்று, குழந்தைகளுக்கான இரும்புச் சத்து டிராப்ஸ் ஒன்று. எல்லாம் கிராமத்து டாக்டர்கள் எழுதுபவை. அடுத்த காலாண்டில் எதுவும் ஸ்டாக்கில் இல்லை. தடை செய்யவில்லை, நிறுத்துகிறோம் என்று அறிவிக்கவும் இல்லை. சும்மா வரவில்லை, அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வயதான டாக்டர், “என்னப்பா, உன் மருந்து எங்கே?” என்று மூன்று முறை கேட்டார். நாலாவது முறை கேட்கவில்லை.

மீதி இருந்த பிராண்டுகளுக்கு வருடம் தவறாமல் பத்து சதவீதம் ஏற்றினார்கள். அதுவும் சட்டப்படிதான். 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அரசு உச்சவரம்பு வைக்கும் மருந்துகளின் அட்டவணையில் இல்லாத மருந்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றலாம். ஐந்து வருடம் உற்பத்தியைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சொன்னீர்களே, அதில் என் இரும்புச் சத்து டிராப்ஸ் இருந்ததா இல்லையா என்று யார் வந்து ஸ்டாக்கிஸ்ட் கடையில் பார்த்தார்கள்? ஒருவர் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

திண்டுக்கல் கடைக்காரன்:

ரெப் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. வரி பற்றி நானும் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆனது. நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் என் அலமாரியில் இருந்த எல்லா அட்டையிலும் பழைய எம்ஆர்பிதான். பழைய சரக்கைத் திரும்பப் பெற வேண்டாம், புது ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம், புது விலைப்பட்டியல்படி விற்றால் போதும் என்று அரசு சொல்லியிருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் “அட்டையில் போட்டது இது, நீங்கள் கொடுக்க வேண்டியது இது” என்று சொல்லிச் சொல்லி முதல் வாரம் தொண்டை கட்டிவிட்டது. 12 சதவீதம் கொடுத்து வாங்கிய சரக்கை 5 சதவீதத்தில் விற்றதால் அந்த வித்தியாசம் என் ஜிஎஸ்டி லெட்ஜரில் கிரெடிட்டாகக் கிடக்கிறது. சின்னக் கடைக்கு அது முடங்கிப்போன பணம்.

சரி, அது போகட்டும். 112 ரூபாய் எம்ஆர்பி இருந்த மருந்து 105 ஆனது. ஏழு ரூபாய் மிச்சம். அட்டவணையில் இல்லாத மருந்தானால் கம்பெனி அடுத்த முறை பத்து சதவீதம் ஏற்றலாம். 105க்குப் பத்து சதவீதம் பத்தரை. 115.50 ஆகிவிடும். அரசு விட்டுக்கொடுத்த வரி, ஒரே வருடத்தில் கம்பெனியின் கல்லாவுக்குப் போய்விடும். சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் வருகிற பெரியவருக்கு நான் இதை எப்படி விளக்குவது?

வெள்ளைக்கோட்டு:

நான் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்ப்பவள். எல்லாரும் விலையையே பேசுகிறீர்கள். மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் பேச வேண்டியிருக்கிறது.

நம்ம ஊர்க் கம்பெனி நம்ம கையிலேயே இருக்க வேண்டும் என்று வைகைக்கரை அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு இருங்காட்டுக்கோட்டை நினைவுக்கு வரவில்லை, அதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் சுங்குவார்சத்திரம்தான் வந்தது. கோல்ட்ரிஃப் இருமல் சிரப் செய்த ஸ்ரீசன் பார்மா அங்கேதான் இருந்தது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அது பன்னாட்டுக் கம்பெனி இல்லை. யாரும் வந்து வாங்கியதும் இல்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சின்னக் கம்பெனி.

ரான்பாக்ஸியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோ அதை வாங்கியபோது நாடே கவலைப்பட்டது, நம் பெருமை போகிறது என்று. ஆனால் பரிசோதனைத் தரவுகளைத் திரித்த வேலை இந்திய முதலாளிகளின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 2013இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. உண்மையை மறைத்து விற்றார்கள் என்று ஜப்பான்காரர்கள் சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போய் 2016இல் 2,562 கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கினார்கள். அந்தப் பேரத்தில் ஏமாந்தது வெளிநாட்டுக்காரர்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முதலில் சேர்ந்த சின்ன யூனிட்டில் இந்த மாதிரி நச்சைக் கண்டுபிடிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் உறையைக் கழற்றுவோம். சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் டிரம் வந்தால், சப்ளையர் கொடுத்த சர்டிஃபிகேட்டில் இருக்கும் எண்களை நம் லெட்டர்ஹெட்டில் அப்படியே டைப் செய்வது என் வேலை. 22 வயது. எனக்கு அப்போது அதன் கனம் தெரியவில்லை. பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. வந்த முதல் வாரமே லேப் கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை இன்சார்ஜிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தேதியை மாற்ற முடியாதபடி பூட்டினார்கள். ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகத் திறந்து மாதிரி எடுத்து டெஸ்ட் போடச் சொன்னார்கள். பாதிப் பேர் திட்டினார்கள். நான் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வைகைக்கரை:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சுங்குவார்சத்திரத்தை நான் சேர்த்து எழுதாதது என் தவறு. மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் யூனிட்டுக்கு நிம்மதி கொடுத்தது புது முதலாளியா, அந்த முதலாளிக்குப் பின்னால் இருந்த அமெரிக்க இன்ஸ்பெக்டர் பயமா? அந்தப் பயத்தை நம் இன்ஸ்பெக்டர் ஏன் கொடுக்கவில்லை? மருந்து உற்பத்திக்கான திருத்திய ஷெட்யூல் எம் தர விதிகள் வந்துவிட்டன. 250 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ள கம்பெனிகளுக்கு 2024லேயே அமல். சின்னக் கம்பெனிகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை தள்ளிக்கொடுத்தார்கள். தள்ளிக்கொடுத்த அந்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள்.

வெள்ளைக்கோட்டு:

இரண்டும்தான் அண்ணா. பயமும் வேண்டும், பயந்தால் செலவு செய்யப் பணமும் வேண்டும். புது விதிப்படி ஒரு சின்ன யூனிட்டை மாற்றி அமைக்கப் பல கோடி ஆகும். அவ்வளவு பணம் இல்லாதவர் மூடட்டும், அல்லது இருப்பவருக்கு விற்கட்டும். விற்கவே விடாதே என்றால், உறை போட்டு மூடிய மெஷினோடு அவர் தொடர்ந்து சிரப் செய்துகொண்டிருப்பார். நீங்கள் கேட்கும் தடையை நான் எதிர்ப்பது இதனால்தான்.

இரவுப்பணி:

இதுவரை மருந்துக் கம்பெனிகளைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறீர்கள். நான் கோவையில் செவிலியர். மருந்துக் கம்பெனியை வாங்கவாவது நிபந்தனை இருக்கிறது. ஆஸ்பத்திரியை வாங்க ஒன்றும் இல்லை. மருத்துவமனைகளில் 2000த்திலிருந்து நூறு சதவீத அந்நிய முதலீட்டுக்கு அனுமதி தேவையில்லை. 2023இல் மணிப்பால் மருத்துவமனைகளின் பெரும்பங்கு சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் கைக்குப் போனது. அதே வருடம் கேர் மருத்துவமனைகளை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் எடுத்தது. 2024இல் கோழிக்கோட்டு பேபி மெமோரியல் மருத்துவமனையில் கேகேஆர் என்ற இன்னொரு அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வந்தது. இந்தப் பெயர்களில் எதையும் நான் குற்றம் சொல்லவில்லை, அங்கே நான் வேலை பார்த்ததும் இல்லை.

நான் இருந்த இடம் வேறு, சொல்ல மாட்டேன். டாக்டர் குடும்பம் ஒன்று நடத்தியது. முதலீட்டாளர்கள் வாங்கிய பிறகு காலை மீட்டிங்கில் ஒரு புது வார்த்தை வந்தது: ஆர்போப். நிரம்பிய ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. நேற்று எத்தனை பேருக்குக் காய்ச்சல் இறங்கியது என்று தொடங்கிய மீட்டிங், ஆர்போப் எவ்வளவு என்று தொடங்க ஆரம்பித்தது. கையுறை, ஐவி செட், பிளாஸ்டர் ரோல் எல்லாவற்றுக்கும் பார்கோடு. முன்பெல்லாம் பிளாஸ்டர் ரோல் வார்டுக்குப் பொது. இப்போது நோயாளிக்கு ஒன்று, பில்லில் ஏறும், டிஸ்சார்ஜ் அன்று பாதி ரோல் குப்பையில். தொற்று தடுப்புக்கு அது நல்லதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவும் ஒழுங்கு, மருந்து மாறிப் போகாமல் இரட்டைச் சரிபார்ப்பு எல்லாம் அவர்கள் வந்த பிறகுதான் ஒழுங்காக நடந்தது. ஆனால் இரவில் ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்று இருந்தது எட்டு பேருக்கு ஒருவர் என்று ஆனது. இது எந்த பில்லிலும் வராது.

2018இல் தேசிய மருந்து விலை ஆணையம் டெல்லிப் பகுதியில் நாலு பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை எடுத்துப் பார்த்தது. மருந்து, சிரிஞ்சு, கையுறை போன்றவற்றில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தார்கள். மருந்துக் கம்பெனி வைத்த எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசா கூடப் போடவில்லை. அதிக எம்ஆர்பி அச்சிட்ட சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள், அவ்வளவே. சட்டத்தை மீறாமலேயே இதைச் செய்யலாம்.

தணிக்கையாளன்:

இரவுப்பணி, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு எளிதான வாதம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. நோயாளி படுத்த படுக்கையிலிருந்து வேறு கடைக்குப் போய் விலை விசாரிக்க முடியாது. அங்கே சந்தை என்று ஒன்று இல்லை. 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாயில் வைக்கும் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோது நான் எதிர்த்து எழுதியவன். இறக்குமதி நின்றுவிடும் என்று பயந்தேன். அப்படி எதுவும் பெரிதாக நடக்கவில்லை. அந்த இடத்தில் நான் தவறு.

அதற்காக எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு என்று போனால் என்ன ஆகும் என்பதை யாராவது அரசு டாக்டர் இருந்தால் சொல்லட்டும்.

வார்டு டாக்டர்:

கூப்பிட்டதால் வருகிறேன். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் வந்தபின் எங்களுக்கு மருந்துத் தட்டுப்பாடு என்பது அரிது. மொத்தமாக டெண்டர் விட்டு, லேபில் சோதித்து, கிடங்கிலிருந்து பாஸ்புக் வைத்து அனுப்பும் முறை. வைகைக்கரை சொல்வதுபோல் ஆலைகளை அரசு வாங்க வேண்டும் என்றில்லை, அரசு நல்ல வாடிக்கையாளராக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஆனால் டெண்டர் போட்டால் செய்வதற்கு ஆள் வேண்டுமே. ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு 21 நாளைக்கு ஒரு முறை பென்சதீன் பென்சிலின் ஊசி போட வேண்டும். பல வருடம், சிலருக்கு நாற்பது வயது வரைக்கும். மிக மலிவான ஊசி. அந்த மலிவே அதற்கு எமன். விலைக்கு உச்சவரம்பு, மூலப்பொருள் சீனாவிலிருந்து, லாபம் இல்லை. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை யாரும் வந்து வாங்கவும் இல்லை, வெளிநாட்டுக்காரன் மூடவும் இல்லை. 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கிப் பென்சிலின் காய்ச்சிய நாடு இது. கடைசியில் பென்சிலின் ஜி இங்கே செய்ய ஆளில்லை என்றாகி, அரசு ஊக்கத்தொகை கொடுத்து 2024இல்தான் காக்கிநாடாவில் அரபிந்தோ குழுமத்தின் ஆலை வந்தது. விலை ஆணையமே 2019 டிசம்பரில் 21 மருந்துக்கு உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தியது. 2024 அக்டோபரில் மறுபடி எட்டு மருந்துக்கு. பென்சைல் பென்சிலின் அதிலும் இருந்தது. விலையைப் பிடித்து வைத்தால் மருந்து மலிவாகும் என்று நினைத்தவர்கள், மருந்தே வராமல் போகும் என்று கண்டபின் எடுத்த முடிவு அது.

ரெப் அண்ணன் சொன்ன சிவப்புப் பட்டியல்தான் எனக்கு முக்கியம். முதலாளி யார் என்று நான் பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் ஒரு மருந்து ஏறும் அன்று எங்களுக்குத் தகவல் வர வேண்டும். அட்டவணை மருந்தை நிறுத்துவதானால் ஆறு மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அட்டவணையில் இல்லாத மருந்துக்கு அதுகூட இல்லை.

பழைய ரெப்:

டாக்டர் சொன்ன அந்த ஒரு வரி போதும் எனக்கு. ஆறு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் உசிலம்பட்டி டாக்டரிடம் நானே போய்ச் சொல்லியிருப்பேன்.

வைகைக்கரை:

என் கோரிக்கையைத் திருத்துகிறேன். விற்கத் தடை வேண்டாம். 15 வருடத்தையும் விடுகிறேன். இரண்டு மட்டும் வேண்டும். ஒன்று, கைமாறும் ஒவ்வொரு கம்பெனியும் ஏற்றுக்கொண்ட ஐந்து வருட நிபந்தனை என்ன, எந்தெந்த மருந்து, எவ்வளவு அளவு, ஒவ்வொரு வருடமும் எவ்வளவு செய்தார்கள் என்பதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். இரண்டு, ஆஸ்பத்திரியை வாங்குபவருக்கும் நிபந்தனை வேண்டும். குறைந்தது செவிலியர் எண்ணிக்கைக்கும், மருந்து, சிரிஞ்சு வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிக்கும்.

தணிக்கையாளன்:

முதல் கோரிக்கையில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தணிக்கை செய்து ஆடிட்டர் சான்றிதழோடு போடலாம், கம்பெனிக்கு ஒரு செலவும் இல்லை. இரண்டாவதில் செவிலியர் எண்ணிக்கைக்குச் சம்மதம். ஆனால் அதை வாங்குபவருக்கு மட்டும் வைக்காதீர்கள், எல்லா ஆஸ்பத்திரிக்கும் வையுங்கள். விற்காமல் பரம்பரையாக நடத்துகிற இடத்திலும் எட்டு பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார். லாப இடைவெளிக்கு வரம்பு என்பதில் நான் இன்னும் உடன்படவில்லை. அதைத் தனியாகப் பேசுவோம்.

வார்டு டாக்டர்:

பேசுங்கள். எனக்கு இப்போதைக்கு வேறு ஒரு உதவி வேண்டும். என் நோயாளிப் பிள்ளை ஒன்று, ஒன்பது வயது, வத்தலக்குண்டுப் பக்கம் பாட்டி வீட்டுக்கு மாறிவிட்டது. 21 நாள் வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அங்கே நாலு கடையில் பென்சதீன் 12 லட்சம் யூனிட் இல்லை என்று அப்பா போன் செய்தார். அரசு ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

திண்டுக்கல் கடைக்காரன்:

டாக்டர், என்னிடம் மூன்று வயல் இருக்கிறது. காலாவதி இன்னும் ஏழு மாதம். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். சீட்டோடு வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வியாழக்கிழமை வத்தலக்குண்டு லைனில் போகிற என் பையனிடம் கொடுத்துவிடுகிறேன். சீட்டைப் போட்டோ எடுத்துத் தனிமடலில் அனுப்பச் சொல்லுங்கள், அசல் சீட்டை அவனிடம் காட்டினால் போதும்.